தகட்டை எதனால் வெட்டுவது?

புதுக்கோட்டைப் பக்கத்து மாணவர்களுக்கு 'அம்மன் காசு' என்ற பெயர் புதிதாக இருக்காது. 1948-இல் இந்திய யூனியனுடன் இணையும்வரை புதுக்கோட்டை ஒரு தனிச் சமஸ்தானமாக இருந்தது. அந்தச் சமஸ்தானம் வெளியிட்ட சின்னஞ்சிறு செப்புக் காசுதான் அம்மன் காசு. ஒரு பக்கம் அமர்ந்த கோலத்தில் பிரகதாம்பாள். மறு பக்கம் தெலுங்கு எழுத்தில் 'விஜய' என்ற சொல்.

இந்தக் காசுகளில் இரண்டு வகை உண்டு. பழையவை கையால் அடித்தவை. சற்றுத் தடித்து, ஒன்றைப்போல் ஒன்று இல்லாமல் இருக்கும். பிற்காலத்தவை இயந்திரத்தில் செய்தவை. அவை நல்ல வட்டமாக, எல்லாம் ஒரே அளவாக இருக்கும். திருக்கோகர்ணத்தில் 1910-இல் தொடங்கப்பட்ட அரசு அருங்காட்சியகம் இருக்கிறது. அங்கே போனால் நாணயங்களைப் பார்க்கும்போது அவற்றின் உருவத்தை மட்டும் பார்க்காதீர்கள், ஓரத்தையும் பாருங்கள். ஓர் உலோகத் துண்டு எப்படி வெட்டப்பட்டது என்பதை அதன் ஓரமே சொல்லிவிடும்.

இயந்திரக் காசின் கதை எளியது. உலோகத்தை உருளைகளுக்கு இடையே செலுத்தித் தகடாக்குவார்கள். அந்தத் தகட்டிலிருந்து வட்ட வில்லைகளை அழுத்திப் பிரித்தெடுப்பார்கள். பிறகுதான் வில்லையின் மேல் உருவம் பதிக்கப்படும். ஆக, காசு செய்வதில் முக்கியமான ஒரு கட்டம் மெல்லிய தகட்டை வெட்டுவதுதான்.

சரி, உங்களுக்கு ஒரு மெல்லிய தகட்டை வெட்ட வேண்டிய வேலை வந்தால் எதனால் வெட்டுவீர்கள்? கத்தரியா, ரம்பமா, உளியா, கேஸ் சுடரா, லேசரா? "எது புதியதோ அதுவே சிறந்தது" என்று சொல்லத் தோன்றும். அது சரியான விடையா என்று ஒரு வேலையை எடுத்துக்கொண்டு சோதித்துப் பார்ப்போம்.

நம் வேலை: ஒரு மழைமானி

புதுக்கோட்டை மாவட்டம் கண்மாய்களையும் குளங்களையும் நம்பி வாழும் மாவட்டம். இங்கே எத்தனை மில்லிமீட்டர் மழை பெய்தது என்பது வெறும் புள்ளிவிவரம் அல்ல. நாற்று விடலாமா, வேண்டாமா என்ற கேள்வியோடு சேர்ந்தது. உங்கள் பள்ளிக்கு ஒரு மழைமானி செய்வதாக வைத்துக்கொள்வோம்.

இந்திய வானிலைத் துறை நெடுங்காலம் பயன்படுத்திய சைமன்ஸ் மழைமானியின் வாய் 127 மி.மீ. விட்டம், அதாவது 5 அங்குலம். இப்போது கண்ணாடி இழை சேர்த்த பிளாஸ்டிக் மானிகள் வந்துவிட்டன. நமக்குத் துத்தநாகம் பூசிய இரும்புத் தகடே போதும். கடையில் 'ஜி.ஐ. ஷீட்' என்று கேளுங்கள். கடைக்காரர் "எத்தனை கேஜ்?" என்பார். கேஜ் எண் கூடினால் தகட்டின் கனம் குறையும் என்பதை நினைவில் வையுங்கள். 20 கேஜ் ஏறத்தாழ 0.9 மி.மீ.; 24 கேஜ் ஏறத்தாழ 0.56 மி.மீ.; 26 கேஜ் இன்னும் மெல்லியது. சுமார் அரை மில்லிமீட்டர்த் தகடு நமக்குப் போதும்.

வெட்ட வேண்டியவை இரண்டே துண்டுகள். ஒன்று, உருளைக்கான நீண்ட செவ்வகம். மற்றது, அதற்குள் வைக்கும் புனலுக்கான துண்டு. இந்தப் புனலில் ஓர் அழகான கணக்கு இருக்கிறது. புனலின் சாய்வு உயரத்தை வாய் விட்டத்துக்குச் சமமாக, அதாவது 127 மி.மீ. ஆக வைத்தால், விரித்த வடிவம் சரியாக ஓர் அரைவட்டம் ஆகிறது! 127 மி.மீ. ஆரமுள்ள அரைவட்டத்தை வரைந்து வெட்டி வளைத்தால் புனல் தயார். மையத்தில் 10 மி.மீ. ஆரத்துக்கு ஒரு சிறு அரைவட்டத்தை எடுத்துவிட்டால் அடியில் 10 மி.மீ. விட்டமுள்ள துளை கிடைக்கும். காகிதத்தில் வெட்டிப் பார்த்து நீங்களே உறுதி செய்துகொள்ளுங்கள்.

இனி ஆயுதத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

வெட்டும்போது என்ன நடக்கிறது?

இரும்புக் கடையில் போல்ட்டுக்குப் போடும் ஒரு புதிய வாஷரை வாங்கி, உருப்பெருக்கிக் கண்ணாடியால் அதன் ஓரத்தைப் பாருங்கள். ஒரு பக்க விளிம்பு சற்று உருண்டிருக்கும். அதன் கீழ் பளபளப்பான ஒரு பட்டை. அதற்கும் கீழே சொரசொரப்பான ஒரு பட்டை. கடைசி விளிம்பில் விரலை இடறும் பிசிறு.

இந்த நான்கும் சேர்ந்து வெட்டின் வரலாற்றைச் சொல்கின்றன. மேலிருந்து வரும் அச்சு முதலில் தகட்டை அமுக்குகிறது, விளிம்பு உருள்கிறது. பிறகு சிறிது தூரம் உள்ளே இறங்குகிறது. பளபளப்பான பட்டை உண்டாகிறது. அதற்கு மேல் தகட்டால் தாங்க முடிவதில்லை. விரிசல் விட்டு உடைகிறது. உடைந்த இடமே சொரசொரப்பான பட்டை. ஆக, கத்தரி உலோகத்தை முழுவதும் அறுப்பதில்லை. பாதி அறுக்கிறது, மீதியை உடைக்கிறது.

இரண்டு அலகுகள் எதிரெதிராக ஒன்றையொன்று உரசிக்கொண்டு போனால்தான் இப்படி உடையும். அலகுகளுக்கு இடையே இடைவெளி கூடிவிட்டால் தகடு வெட்டுப்படாமல் மடங்கிப்போகும். உங்கள் வீட்டுக் கத்தரியின் திருகு தளர்ந்துவிட்டால் துணி மடங்கிக்கொள்வதைப் பார்த்திருப்பீர்களே, அதே கதைதான்.

இதற்கு எவ்வளவு விசை தேவை? சாதாரண இரும்புத் தகட்டில் ஒரு சதுர மில்லிமீட்டர் வெட்டுப் பரப்புக்கு ஏறத்தாழ 300 நியூட்டன் என்று கொள்ளலாம். நம் அரை மில்லிமீட்டர்த் தகட்டில் 400 மி.மீ. நீளத்தை ஒரே நொடியில் வெட்ட வேண்டுமானால் 400 × 0.5 × 300 = 60,000 நியூட்டன். அதாவது சுமார் 6 டன் எடை! ஆனால் தகரப் பட்டறையில் ஒருவர் காலால் மிதித்தே அந்த நீளத்தை வெட்டிவிடுகிறார். எப்படி?

அந்த இயந்திரத்தின் மேல் அலகைக் கவனியுங்கள். அது சாய்வாக இருக்கும். எனவே அலகு முழு நீளத்தையும் ஒரே சமயத்தில் தொடுவதில்லை. ஒரு முனையில் தொடங்கி, சில மில்லிமீட்டர்களாக நகர்ந்து வெட்டிக்கொண்டே போகிறது. விசை குறைகிறது, அதற்கு ஈடாக அலகு கூடுதல் தூரம் இறங்குகிறது. நெம்புகோலில் படித்த பாடமே இங்கும் வந்துவிட்டது.

கைக்கருவிகள்

தகரக் கத்தரி: இரும்புத் தகடானால் சுமார் 1 மி.மீ. வரை கையால் வெட்டலாம். அதற்கு மேல் போனால் கையும் வலிக்கும், கத்தரியும் கெடும். எவர்சில்வர் கடினமானது, அதற்கு இந்த வரம்பு இன்னும் குறைவு. வளைவு வெட்ட வளைந்த அலகுள்ள கத்தரிகள் உண்டு. வெட்டும்போது அலகின் முனைவரை மூடாதீர்கள். ஒவ்வொரு முறை மூடும்போதும் ஓரத்தில் ஒரு பல் விழும்.

ரம்பம்: 'ஆக்ஸா பிளேடு' என்று நாம் சொல்லும் இரும்பு ரம்பத்தில் மிக நுண்ணியதில்கூட அங்குலத்துக்கு 32 பற்கள். அதாவது பல்லுக்குப் பல் 0.8 மி.மீ. இடைவெளி. நம் தகட்டின் கனமோ 0.5 மி.மீ. தகடு இரண்டு பற்களுக்கு நடுவே விழுந்து மாட்டிக்கொள்ளும். பல் உடையும், தகடு கிழியும். எப்போதும் இரண்டு மூன்று பற்களாவது உலோகத்தைத் தொட்டுக்கொண்டிருக்க வேண்டும் என்பது விதி. ரம்பத்தால்தான் வெட்டியாக வேண்டுமானால் தகட்டை இரண்டு மரப்பலகைகளுக்கு நடுவே வைத்து, மூன்றையும் சேர்த்து அறுக்க வேண்டும்.

உளி: தகட்டின் நடுவே ஒரு சன்னல் வெட்ட வேண்டுமா? கத்தரி ஓரத்திலிருந்துதான் நுழைய முடியும். அங்கே உளியும் சுத்தியலும் உதவும். ஆனால் ஓரம் நெளியும். பிறகு அரம் போட்டுச் சரிசெய்ய வேண்டும்.

சூடான வெட்டு

புதுக்கோட்டையிலிருந்து திருச்சி போகும் சாலையில் மாத்தூர் தொழிற்பேட்டை இருக்கிறது. திருச்சியில் 1965 முதல் இயங்கும் பெல் கொதிகலன் தொழிற்சாலையை ஒட்டி, திருச்சியைச் சுற்றிலும் மாத்தூரிலும் இரும்பு வேலைப் பட்டறைகள் பல வளர்ந்தன. கொதிகலன் வேலையில் வருபவை தடித்த இரும்புப் பலகைகள். அவற்றைக் கேஸ் சுடரால் வெட்டுவது நெடுங்கால வழக்கம்.

பலர் நினைப்பதுபோலச் சுடர் இரும்பை உருக்கி வெட்டுவதில்லை. அசெட்டிலீன் சுடர் இரும்பை ஏறத்தாழ 900 டிகிரி சென்டிகிரேடுக்குச் சூடேற்றுகிறது. பிறகு தூய ஆக்சிஜன் பீய்ச்சப்படுகிறது. உடனே இரும்பு எரியத் தொடங்குகிறது! விறகு எரிவதுபோல இரும்பே எரிபொருளாகிறது. இரும்பு ஆக்சைடு இரும்பைவிடக் குறைந்த வெப்பத்தில் உருகுவதால் ஆக்சிஜன் வேகத்தில் வழிந்து வெளியேறுகிறது.

அலுமினியத்தை இப்படி வெட்ட முடியுமா? அலுமினியம் 660 டிகிரியில் உருகும். அதன் மேலுள்ள ஆக்சைடு உருக 2,000 டிகிரிக்கு மேல் வேண்டும். எனவே ஆக்சைடு போர்வைபோல மூடிக்கொள்ள, உள்ளே உலோகம் கஞ்சியாகிவிடும். எவர்சில்வரிலும் குரோமியம் ஆக்சைடு இதே தடையைச் செய்கிறது.

நம் மெல்லிய தகட்டின் கதி இன்னும் மோசம். வெட்டும் கோட்டின் ஓரம் மட்டும் சூடாகி விரிய முயல்கிறது. பக்கத்திலுள்ள குளிர்ந்த பகுதி விடுவதில்லை. 400 மி.மீ. நீளம் 500 டிகிரி சூடேறினால் 2.4 மி.மீ. நீள வேண்டும். நீள இடமில்லாமல் நசுங்கி, ஆறும்போது சுருங்கி, தகடு அப்பளம்போல் நெளிந்துவிடும். ஆகவே சுமார் 3 மி.மீ.க்கு மேற்பட்ட இரும்புக்கே கேஸ் வெட்டு ஏற்றது.

இன்னோர் ஆபத்தும் உண்டு. நம் தகட்டின் மேல் துத்தநாகப் பூச்சு இருக்கிறது அல்லவா? துத்தநாகம் 907 டிகிரியில் கொதித்து ஆவியாகும். அந்த வெண்புகையைச் சுவாசித்தவர்களுக்குச் சில மணி நேரம் கழித்துக் குளிரும் காய்ச்சலும் வரும். பட்டறைத் தொழிலாளர்கள் நன்கு அறிந்த தொல்லை இது. போதாக்குறைக்கு, துருவைத் தடுக்கப் பூசிய துத்தநாகம் வெட்டிய ஓரத்திலேயே எரிந்துபோய்விடுகிறது. கத்தரியால் வெட்டினால் பூச்சு அருகிலேயே இருக்கும். ஓரத்தில் இரும்பு வெளியே தெரிந்தாலும், துத்தநாகம் முதலில் தன்னைக் கரைத்துக்கொண்டு இரும்பைக் காக்கும்.

பிளாஸ்மா என்பது இன்னொரு சூடான வெட்டு. மின்வில் வழியே காற்றை ஊதினால் அது பல்லாயிரம் டிகிரி வெப்பமுள்ள மின்னேற்றம் பெற்ற வாயுவாகிறது. இது எரிப்பதை நம்பவில்லை, உருக்கியே வெட்டுகிறது. எனவே மின்சாரம் பாயும் எந்த உலோகத்தையும், அலுமினியம், எவர்சில்வர் உட்பட, வெட்டும். ஆனால் வெட்டுத் தடம் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் அகலமாக இருக்கும். ஓரம் சற்றுச் சாய்ந்திருக்கும். கீழே உருகிய உலோகம் ஒட்டிக்கொள்ளும்.

ஒளியும் நீரும்

1964-இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் கார்பன் டை ஆக்சைடு லேசரை உருவாக்கியவர் குமார் படேல். மகாராஷ்டிரத்திலுள்ள பாராமதியில் பிறந்தவர். மூன்றே ஆண்டுகளில், 1967-இல், இங்கிலாந்தில் பீட்டர் ஹோல்ட்கிராஃப்ட் அந்த லேசர்க் கதிரோடு ஆக்சிஜனையும் சேர்த்துப் பீய்ச்சி 1 மி.மீ. எஃகுத் தகட்டை வெட்டிக் காட்டினார். எரியும் இரும்பு என்ற பழைய தந்திரம்தான். சூடேற்றுவது மட்டும் ஒளி.

லேசரின் வெட்டுத் தடம் தலைமுடி இரண்டு மூன்றை அடுக்கிய அளவே இருக்கும். சூடாகும் பகுதி மிகக் குறுகியது என்பதால் மெல்லிய தகடும் அதிகம் நெளிவதில்லை. கோலம்போன்ற சிக்கலான வடிவமானாலும் கணினிப் படம் கொடுத்தால் போதும், அச்சு தேவையில்லை. குறையே இல்லையா? செம்பும் பித்தளையும் கண்ணாடிபோல அந்த ஒளியைத் திருப்பி அனுப்பிவிடும். இப்போது பட்டறைகளுக்கு வந்துள்ள ஃபைபர் லேசரின் ஒளி அலைநீளம் பத்தில் ஒரு பங்கு. அதை இந்த உலோகங்கள் ஓரளவு நன்றாக உறிஞ்சுகின்றன. துத்தநாகப் புகை மட்டும் இங்கும் வரும். அதை உறிஞ்சி வெளியேற்றும் ஏற்பாடு வேண்டும்.

சூடே கூடாது என்றால் நீர் இருக்கிறது. காற்றழுத்தத்தைப்போல ஏறத்தாழ 4,000 மடங்கு அழுத்தத்தில், ஊசித் துளை வழியே, கார்னெட் மணல் கலந்து பீய்ச்சப்படும் நீர், உலோகத்தையும் கண்ணாடியையும் கல்லையும் வெட்டும். தகடு கொஞ்சமும் சூடாகாது. ஆனால் மெதுவான முறை, செலவும் கூடுதல்.

எதைத் தேர்ந்தெடுப்பது?

தேர்வுக்கு முன் நான்கு கேள்விகளைக் கேளுங்கள். என்ன உலோகம்? எவ்வளவு கனம்? எத்தனை துண்டுகள்? எந்த அளவு துல்லியம் தேவை? கடைசிக் கேள்வியில்தான் பலரும் தவறுகிறார்கள். "எல்லாம் மிகத் துல்லியமாக இருக்க வேண்டும்" என்று சொல்லிவிடுவது எளிது. எங்கே துல்லியம் வேண்டும் என்று யோசிப்பதே அறிவியல்.

மழைமானியையே பாருங்கள். வாய் 127 மி.மீ. என்றால் பரப்பு 126.7 ச.செ.மீ. ஒரு மில்லிமீட்டர் மழைக்கு 12.67 மில்லிலிட்டர் நீர் சேரும். விட்டம் தவறிப்போய் 129 மி.மீ. ஆகிவிட்டால் பரப்பு 3 சதவீதத்துக்கு மேல் கூடிவிடும். 100 மி.மீ. மழை 103 மி.மீ. என்று பதிவாகும். நீங்கள் மழையைக் கூட்டிச் சொல்கிறீர்கள்!

ஆனால் வாய் சற்று நசுங்கி ஒரு பக்கம் 129 மி.மீ., குறுக்கே 125 மி.மீ. என்று நீள்வட்டமானால்? பரப்பைக் கணக்கிட்டுப் பாருங்கள். வேறுபாடு ஆயிரத்தில் ஒரு பங்குகூட வராது. எனவே வட்டம் பிசகாமல் இருப்பதைவிட, தகட்டின் நீளம் சரியாக இருப்பதே முக்கியம். 0.5 மி.மீ. தகட்டின் நடுக்கோட்டை வைத்துக் கணக்கிட்டால் நீளம் 127.5 × 3.1416 = 400.6 மி.மீ. மடித்து இணைப்பதற்கு வேண்டிய இடத்தைத் தனியே சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஆகவே நம் தீர்ப்பு: செவ்வகத்தை, காலால் மிதிக்கும் கத்தரி இயந்திரம் உள்ள தகரப் பட்டறையில் வெட்டிக்கொள்ளுங்கள். ஆலையிலிருந்து வந்த நேரான ஓரத்தை வாய்ப்பக்கமாக வைத்துக்கொண்டால் அது நன்றாக அமையும். அரைவட்டத்தைக் கைக்கத்தரியால் வெட்டுங்கள். அதில் ஒரு மில்லிமீட்டர் பிசகினாலும் மழை அளவு மாறாது. செய்து முடித்தபின் வாயின் உள்விட்டத்தை இரண்டு மூன்று திசைகளில் அளந்து சராசரி எடுங்கள். அந்த உண்மையான பரப்பை வைத்தே மழையைக் கணக்கிடுங்கள். பிழையை வெட்டில் ஒழிக்க முடியாவிட்டால் அளவில் ஒழித்துவிடலாம்!

வெட்டும்போது தோல் கையுறை போடுங்கள். ஆசிரியர் அருகில் இருக்கட்டும். வெட்டிய உடனே பிசிறை அரத்தால் தேய்த்துவிடுங்கள். சிந்திய துண்டுகளைக் கையால் கூட்டாதீர்கள். தகரம் கிழித்த காயம் சிறிதானாலும் கழுவிவிட்டு மருத்துவரிடம் காட்டுங்கள். இன்னொன்று: சுழலும் துளையிடும் கருவியின் அருகே கையுறை கூடவே கூடாது, கையுறையைப் பற்றி இழுத்துவிடும்.

ஆயிரம் துண்டுகள் வேண்டுமானால்?

ஒரு மானிக்குக் கத்தரி போதும். ஓர் உறுப்பே ஆயிரக்கணக்கில் வேண்டுமானால்? கணக்குக்காகச் சில எண்களை வைத்துக்கொள்வோம். இவை கடை விலைகள் அல்ல. லேசரில் ஒரு துண்டுக்கு 30 ரூபாய். அழுத்தும் அச்சு செய்ய 20,000 ரூபாய். அதன்பின் துண்டுக்கு 2 ரூபாய். எத்தனை துண்டுகளில் இரண்டு செலவும் சமமாகும்? 30க = 20,000 + 2க. க என்பது ஏறத்தாழ 714. அதற்குக் கீழே லேசர் மலிவு. அதற்கு மேலே அச்சு மலிவு. நாணயச் சாலைகள் அச்சையே ஏன் நாடுகின்றன என்று இப்போது புரிகிறதா?

வட்டங்களை எப்படி அடுக்குவது என்பதும் பணம்தான். சதுரக் கட்டங்களாக அடுக்கி வெட்டினால் தகட்டில் 78.5 சதவீதமே வில்லையாகும். தேன்கூடுபோல ஒரு வரிசையின் பள்ளத்தில் அடுத்த வரிசையைப் பொருத்தினால் 90 சதவீதம்வரை எட்டலாம். மேசைமேல் ஒரு ரூபாய் நாணயங்களை இரண்டு விதமாகவும் அடுக்கிப் பாருங்கள். கைக்குக் கிடைத்த அந்த நாணயத்தின் ஓரத்தையும் ஒரு முறை தடவிப் பாருங்கள். அது பிசிறில்லாமல் இருக்கிறது. வெட்டிய பின் ஓரத்தை உருட்டி மழுக்கியிருக்கிறார்கள்.

சிறந்த வெட்டு முறை என்று ஒன்று இல்லை; ஒரு வேலைக்குப் பொருந்தும் முறை என்றுதான் உண்டு. அதைக் கண்டுபிடிக்கப் பட்டறைக்குப் போகும் முன் காகிதமும் பென்சிலும் போதும். அடுத்த வடகிழக்குப் பருவமழைக்குள் உங்கள் பள்ளி முற்றத்தில் ஒரு மழைமானி நிற்கட்டும். அதில் பதிவாகும் மழை, பெய்த மழையாகவே இருக்கட்டும்.